மும்பை நகரின் கழிவுநீரும் கழிமுகங்களின் கதியும்

ஒரு பெருநகருக்கு நாள்தோறும் எவ்வளவு குடிநீர் வேண்டும் என்பது பலராலும் ஆராயப்படும் பொருளாகும். அந்நீர் பயன்பட்டு முடிந்த பின்னர் எங்கே செல்கிறது, சென்ற இடத்தில் என்ன செய்கிறது என்பது அவ்வளவாக ஆராயப்படுவதில்லை. ஆயினும் இவ்விரண்டும் ஒரே கணக்கின் வரவும் செலவுமேயாம். நகருக்குள் வரும் நீரில் நூற்றுக்கு எண்பது பங்கு கழிவுநீராக வெளியேறும் என்பது நம் நாட்டுப் பொறியியலாளர் பொதுவாகக் கொள்ளும் கணக்கு. எனவே, புதிய அணை ஒன்று கட்டி நீரைக் கொணரும் ஒவ்வொரு நகரமும், அதை அறிந்தோ அறியாமலோ, புதிய கழிவுநீர் ஆறு ஒன்றையும் உண்டாக்குகிறது.

இவ்வுண்மையை மும்பை நகரம் தெளிவாக எடுத்துக்காட்டுகிறது. அந்நகரின் கழிவுநீர் அமைப்பு இப்போது மிகப் பெரிய அளவில் விஸ்தரிக்கப்பட்டு வருகிறது. 2023ஆம் ஆண்டு ஜனவரி 19ஆம் தேதி ஏழு புதிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு அடிக்கல் நாட்டப் பெற்றது. இத்தகைய பெருந்திட்டத்தின் நன்மைகளையும் விளைவுகளையும் ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியே கணக்கிட்டால் போதுமா, அல்லது எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துக் காண வேண்டுமா என்பதே இக்கட்டுரையின் பொருள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருவதால் இப்பொருள் தமிழ் வாசகர்களுக்குத் தொலைவானதன்று.

வரும் நீரும் போகும் நீரும்

மும்பைக்கு முதன்முதலில் குழாய் நீர் வழங்கியது விஹார் ஏரி. 1860இல் அது நிறைவேறியது. பின்னர் துளசி ஏரி 1879இலும், தான்சா ஏரி 1892இலும் வந்தன. சுதந்திரத்துக்குப் பின் வைதரணா, பாத்சா ஆகிய நதிகளின் நீர் நகருக்குத் திருப்பப்பட்டது. 2014இல் மத்திய வைதரணா அணை நிறைவேறியது. இன்று ஏழு நீர்த்தேக்கங்களிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 385 கோடி லிட்டர் நீர் நகருக்கு அளிக்கப்படுகிறது. அதில் ஒரு பகுதி வழியிலேயே கசிந்து போகிறது. எஞ்சியதில் பெரும்பங்கு, மேற்கூறிய கணக்கின்படி, சாக்கடைக்கு வந்து சேருகிறது.

கழிவுநீரை அகற்றும் முயற்சியும் பழமையானதே. 1860களில் பாதாளச் சாக்கடைகள் அமைக்கத் தொடங்கினர். வர்லியில் லவ் குரோவ் என்னும் இடத்தில் நீரேற்று நிலையம் எழுந்தது. 1896இல் நகரைத் தாக்கிய பிளேக் நோய், வடிகாலற்ற நெருக்கமான குடியிருப்புக்களின் அபாயத்தை உணர்த்திற்று. 1898இல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஒன்று நிறுவப்பட்டது. அகன்ற சாலைகளும் வடிகால்களும் கொண்ட தாதர், மாட்டுங்காப் பகுதிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த டிரஸ்டின் திட்டப்படியே உருவாயின.

மாட்டுங்காவுக்குக் கழிவுநீர் விஞ்ஞான வரலாற்றில் வேறொரு சிறப்பும் உண்டு. 1890இல் அங்கு நிறுவப்பட்ட தொழுநோயாளர் இல்லத்தின் கழிவுநீரை மூடிய தொட்டியில் நொதிக்க வைத்து, தெளிந்த நீரைப் பயிருக்குப் பாய்ச்சினர். தொட்டியில் எழுந்த வாயுவை எரித்து அதன் ஆற்றலையும் பயன்படுத்தினர். இச்சோதனைகள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே நிகழ்ந்தவை. சாண எரிவாயுவின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் மாட்டுங்காவைக் குறிப்பிடுகின்றனர். கழிவுநீர் என்பது எறிய வேண்டிய பண்டம் மட்டுமன்று, பயன்படுத்தத்தக்க நீரும் எருவும் எரிபொருளும் அதில் அடங்கியுள்ளன என்பதை இந்நகரம் அக்காலத்திலேயே அறிந்திருந்தது.

ஆயினும் நகரம் பெருகப் பெருக, கழிவுநீரைக் கடலில் விடுவதே எளிய வழியாயிற்று. 1979இல் பெருந்திட்டம் ஒன்று வகுக்கப்பட்டது. உலக வங்கியின் கடனுதவியுடன் 1995இல் தொடங்கிய பணிகள் 2003இல் முடிவுற்றன. வர்லியிலும் பாந்த்ராவிலும் கடலுக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கக் குழாய்கள் இக்காலத்தில் அமைந்தன. வெர்சோவா, காட்கோபர், பாண்டுப் ஆகிய இடங்களில் காற்றூட்டும் குட்டைகள் அமைந்தன. கடலுக்குள் செல்லும் குழாய்களில் விடப்பட்ட நீருக்குக் கிடைத்த சுத்திகரிப்பு, குப்பையை வடிகட்டுவதும் மணலைப் படியவைப்பதும் மட்டுமே. மற்ற வேலையைக் கடலே செய்துகொள்ளும் என்று கருதப்பட்டது.

புதிய விஸ்தரிப்பு

இப்போது மேற்கொள்ளப்பட்டுள்ள இரண்டாம் கட்டத் திட்டம் இக்கருத்திலிருந்து வேறுபட்டது. கழிவுநீரை உயிரியல் முறையில் முற்றச் சுத்திகரித்த பின்னரே வெளியேற்ற வேண்டும் என்பது இதன் அடிப்படை. வர்லியில் நாளொன்றுக்கு 50 கோடி லிட்டர், மாலாடில் 45.4 கோடி, தாராவியில் 41.8 கோடி, பாந்த்ராவில் 36 கோடி, காட்கோபரில் 33.7 கோடி, பாண்டுப்பில் 21.5 கோடி, வெர்சோவாவில் 18 கோடி என்ற அளவில் ஏழு நிலையங்கள் திட்டமிடப்பட்டுள்ளன. இவற்றின் மொத்தக் கொள்ளளவு சுமார் 246 கோடி லிட்டர். மதிப்பீட்டுச் செலவு ஏறத்தாழ 17,200 கோடி ரூபாய். கொலாபாவில் சிறிய நிலையம் ஒன்று இவற்றுக்கு முன்னரே புதுப்பிக்கப்பட்டுவிட்டது.

நிலையங்களோடு சுரங்கங்களும் அமைகின்றன. மித்தி ஆற்றில் கலக்கும் ஓடைகளின் கழிவுநீரை இடைமறித்துத் தாராவி நிலையத்துக்குக் கொண்டு செல்ல, ஏறத்தாழ 6.7 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் வகுக்கப்பட்டது. மழையற்ற காலத்தில் நாளொன்றுக்கு 16.8 கோடி லிட்டர் நீர் இதன் வழியே செல்லும் என்பது கணக்கு.

திரண்ட விளைவு என்பது யாது?

ஒரு திட்டத்தால் நீருக்கும் நிலத்துக்கும் உயிர்களுக்கும் நேரும் மாற்றத்தை அதன் விளைவு என்கிறோம். ஒவ்வொரு திட்டத்தின் விளைவும் தனியே நோக்குமிடத்துச் சிறியதாக இருக்கலாம். ஆனால் ஒரே நீர்நிலையில் பல திட்டங்களின் சிறிய விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும்போது, அவற்றின் தொகை பெரியதாகிவிடும். இதற்குத் திரண்ட விளைவு என்று பெயர். இது மூன்று வகையில் நிகழ்கிறது.

முதலாவது, இடத்தால் திரள்வது. பல வாய்க்கால்கள் ஒரே கழியில் வந்து கலப்பதை இதற்கு உதாரணமாகக் கூறலாம். இரண்டாவது, காலத்தால் திரள்வது. இன்று படியும் சேற்றின் மேல் நாளைய சேறு படிந்து, பல ஆண்டுகளில் கழியின் ஆழமே குறைந்துவிடுகிறது. மூன்றாவது, ஒன்றோடொன்று கூடி வலுப்பெறுவது. கழிமுகம் குறுகியிருத்தல் ஒரு குறை, கழிவுநீர் மிகுந்திருத்தல் மற்றொரு குறை. இரண்டும் சேர்ந்தால் விளையும் கேடு இரண்டின் கூட்டுத்தொகையைக் காட்டிலும் மிகுதியாகும்.

நம் நாட்டில் சுற்றுச்சூழல் விளைவு மதிப்பீட்டு விதிகள் 1994இல் வெளியாகி, 2006இல் திருத்தி அமைக்கப்பட்டன. இவ்விதிகளின்கீழ் அனுமதி பெரும்பாலும் திட்டவாரியாகவே கோரப்படுகிறது. ஆனால் மீனுக்கும் நண்டுக்கும் நீர் திட்டவாரியாகப் பிரிந்து வருவதில்லை.

செறிவும் சுமையும்

இவ்விஷயத்தைத் தெளிவாக அறிந்துகொள்ள ஒரு சிறிய கணக்கு உதவும். கழிவுநீரிலுள்ள மக்கும் பொருள்களை நுண்ணுயிர்கள் உண்ணும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செலவிடுகின்றன. இச்செலவே கழிவுநீரின் வலிமையை அளக்கும் அளவுகோல். அதற்கு உயிரியல் பிராணவாயுத் தேவை என்று பெயர். சுத்திகரிக்கப்படாத நகரக் கழிவுநீரில் இது லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று உதாரணமாகக் கொள்வோம். சுத்திகரித்த நீரில் பெருநகரங்களுக்கு 20 மில்லிகிராம் என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவிக்கை வரம்பிட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் அதை 10 மில்லிகிராமாகக் குறைக்க ஆணையிட்டது.

இனி, 41.8 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள தாராவி நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அங்கு வரும் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாவிட்டால் நாள்தோறும் 83.6 டன் பிராணவாயுவை நாடும். 10 மில்லிகிராம் வரம்புக்குச் சுத்திகரித்தால் 4.18 டன்னே நாடும். இருபதில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை.

ஆனால் இக்கணக்கில் மற்றொரு பாடமும் உண்டு. அந்த நிலையத்தின் முழு நாளைய எச்சமான 4.18 டன்னுக்குச் சமமான சுமையைத் தருவதற்கு, சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் எவ்வளவு வேண்டும்? சுமார் 2.1 கோடி லிட்டர் போதும். அதாவது, குழாயில் சேராமல் ஓடைவழியே நேராகக் கழிக்குச் செல்லும் நீர், நிலையத்தின் கொள்ளளவில் இருபதில் ஒரு பங்காக இருந்தாலும், அது செய்யும் தீங்கு நிலையம் முழுவதும் செய்யும் தீங்குக்குச் சமமாகிறது. கோடிக்கணக்கில் செலவிட்டுச் சுத்திகரிப்பின் தரத்தை 20இலிருந்து 10க்குக் குறைப்பது ஒருபுறமிருக்க, விடுபட்ட ஓடைகளையும் விடுபட்ட வீடுகளையும் இணைப்பது மற்றொருபுறம் வேண்டியிருக்கிறது. இரண்டில் ஒன்றை விட்டாலும் கழி தூய்மை அடையாது.

இதிலிருந்து பெறப்படுவது, செறிவு வேறு, சுமை வேறு என்பதாகும். ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பது செறிவு. ஒரு நாளில் எத்தனை டன் என்பது சுமை. சட்டத்தின் வரம்பு பெரும்பாலும் செறிவுக்கே இடப்படுகிறது. நீர்நிலையோ சுமையையே சுமக்கிறது. 246 கோடி லிட்டரில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் நைட்ரஜன் எஞ்சினாலும், நாள்தோறும் 24 டன்னுக்கு மேற்பட்ட நைட்ரஜன் கடலையும் கழிகளையும் சென்றடையும்.

மாஹிம் கழியின் நிலை

மித்தி ஆறு விஹார், பவாய் ஏரிகளின் மிகைநீரால் தோன்றி, ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி, குர்லா, பாந்த்ரா, தாராவி வழியாக மாஹிம் கழியில் கலக்கிறது. மழைக்காலத்தில் மட்டுமே ஏரிகள் நிரம்பி வழிகின்றன. ஆகவே வேனிற்காலத்தில் இவ்வாற்றில் ஓடுவதில் பெரும்பகுதி கழிவுநீரே எனலாம்.

மாஹிம் கழியின் வாயில் பல காலமாகக் குறுகி வந்துள்ளது. 1840களில் மாஹிமையும் பாந்த்ராவையும் இணைக்கும் கரைப்பாதை கட்டப்பட்டது. பின்னர் ஆற்றங்கரைச் சதுப்பு நிலங்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டு, பாந்த்ரா-குர்லா வணிக வளாகம் முதலியன எழுந்தன. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூஸ் நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. கடல் ஏற்றமும் அப்பெருமழையும் ஒன்றுசேர்ந்தபோது, குறுகிய மித்தியால் நீரை வெளியேற்ற இயலவில்லை. தாராவி, குர்லா, காலினா முதலிய பகுதிகள் மூழ்கின. நகரின் பழைய மழைநீர் வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கவே அமைக்கப்பட்டவை என்பது அப்போது யாவருக்கும் தெரிய வந்தது.

கழிவுநீர்ச் சாக்கடையும் மழைநீர் வடிகாலும் மும்பையில் தனித்தனியே அமைந்தவை. ஆயினும் பெருமழையில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. கழிவுநீர் நிரம்பிய வடிகாலில் மழைநீருக்கு இடமில்லை. மழைநீர் புகுந்த சாக்கடையிலோ கழிவுநீர் வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வருகிறது. எனவே கழிவுநீர் விஸ்தரிப்பு வெள்ளத் தடுப்போடும் சேர்த்து எண்ணத்தக்கது.

இந்தக் கழியில் ஓதம் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்குகிறது. இறங்கும் நீரோடு வெளியே சென்ற கழிவின் ஒரு பகுதி, அடுத்த ஏற்றத்தில் திரும்பி வருகிறது. ஆகவே தாராவியில் விடப்படும் நீரும், பாந்த்ராக் கடற்குழாயிலிருந்து எழும் நீரும், மித்தியில் மிஞ்சிவரும் நீரும் மாஹிம் விரிகுடாவில் எந்த அளவுக்குச் சந்திக்கின்றன என்பதை ஒரே ஆய்வில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மற்றொரு நுட்பமும் கவனிக்கத்தக்கது. மித்தியின் கழிவுநீரைச் சுரங்கத்துக்குத் திருப்பினால் ஆறு தூய்மை பெறும். ஆனால் வேனிற்காலத்தில் அதில் ஓடுவதற்கு நீரே இராது. ஓட்டமற்ற இடத்தில் வண்டலும் குப்பையும் தேங்கும். சுத்திகரித்த நீரில் ஒரு பங்கையேனும் ஆற்றின் மேற்பகுதியில் மீண்டும் விடுவதால் ஆறு உயிர்பெறுமா என்பது ஆராயத்தக்க வினாவாகும். கழிவுநீரை அகற்றுவதும் ஆற்றை மீட்பதும் ஒன்றல்ல.

சதுப்புக் காடுகளைத் தாராவியிலேயே காணலாம். பழைய குப்பைமேடு ஒன்றின் மீது எழுப்பப்பட்டு 1994இல் திறக்கப் பெற்ற மஹாராஷ்டிர இயற்கைப் பூங்கா இக்கழிக் கரையில் 37 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ளது. அதையடுத்த கண்டல் மரங்கள் வண்டலைப் பிடித்து வைக்கின்றன, அலையின் வேகத்தைத் தணிக்கின்றன, மீன் குஞ்சுகளுக்குப் புகலிடமாகின்றன. தாராவிக்கும் மாஹிமுக்கும் ஆதிக்குடிகளான கோலி மீனவர்களின் வாழ்க்கை இக்கழியோடு பிணைந்தது. 30 பாகைச் சூட்டில் கடல்நீர் ஒரு லிட்டரில் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட பிராணவாயுவையே ஏற்கும். அது 3, 2 என்று இறங்குமாயின் மீன்கள் வேறிடம் நாடும், அல்லது மடியும். வெதுவெதுப்பான நம் நாட்டுக் கடல்நீருக்குச் சுமை தாங்கும் சக்தி குளிர்நாட்டு நீரைவிடக் குறைவு என்பதை மறத்தலாகாது.

தானே கழியும் பூநாரைகளும்

நகரின் கிழக்குப் புறத்தில் செம்பூர், காட்கோபர், பாண்டுப் பகுதிகளின் கழிவுநீர் தானே கழியை நோக்கிச் செல்கிறது. இக்கழிக்கு அது மட்டுமே வரவு அன்று. தானே, நவி மும்பை நகரங்களின் கழிவுநீரும், எதிர்க்கரைத் தொழிற்சாலைகளின் கழிவும், 1927 முதல் குப்பை கொட்டப்பட்டு வந்த தேவ்னார் மேட்டின் கசிவும் இதில் கலந்துள்ளன. காட்கோபர் நிலையம் ஒன்றின் விளைவை மட்டும் அளந்தால் இவை அனைத்தும் கணக்கில் வாரா.

1990களிலிருந்து இக்கழியின் சேற்றுப் பரப்புக்கு ஆண்டுதோறும் பூநாரைகள் பெருந்திரளாக வருகின்றன. 2015இல் 1,690 ஹெக்டர் பரப்பு பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் இது ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாயிற்று. சிறு பூநாரையின் முக்கிய உணவு நீலப்பச்சைப் பாசி. கழிவுநீரின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் இப்பாசியை வளர்த்ததும் பறவைகளின் வருகைக்கு ஒரு காரணமாகலாம் என்பது விஞ்ஞானிகள் பலரின் கருத்து.

அவ்வாறாயின், சுத்திகரிப்பு முற்றுப்பெற்று ஊட்டப்பொருள்கள் குறையும்போது பாசி என்னவாகும், பறவை என்னவாகும்? இவ்வினாவைக் கேட்பது சுத்திகரிப்பு வேண்டா என்று வாதிப்பதன்று. பல்லாண்டு மாசுக்குப் பழகிவிட்ட ஒரு நீர்நிலையைத் தூய்மைப்படுத்துவதும் ஒரு மாற்றமே. அம்மாற்றத்தையும் முன்கூட்டி அளந்து, படிப்படியே கவனித்து வருதல் அவசியம் என்பதே கருத்து.

குழாயும் சேறும்

நீரிலிருந்து பிரிக்கப்பட்ட அழுக்கு மறைந்து விடுவதில்லை. அது சேறாகத் திரள்கிறது. சுத்திகரிப்பு எவ்வளவுக்குச் சிறக்கிறதோ அவ்வளவுக்குச் சேறும் மிகும். அதைப் பதப்படுத்தி, உலர்த்தி, எங்கேனும் வைக்க வேண்டும். குப்பைமேட்டில் கொட்டினால், மழையில் கரைந்து மீண்டும் கழிக்கே வரும். ஆகவே சேற்றின் முடிவிடத்தையும் கணக்கில் சேர்க்காமல் நீர் தூய்மையாயிற்று என்று கூற இயலாது. நொதிக்க வைத்து எரிவாயு எடுப்பது நல்லதோர் உபாயம். மாட்டுங்காவின் பழைய பாடம் இங்கே பயன்படும்.

கடலோர நகரின் சாக்கடைக்கு மற்றொரு பகையும் உண்டு. ஏற்றத்தின்போது உப்புநீர் குழாய்களின் இணைப்புக்களில் கசிந்து உட்புகுகிறது. கடல்நீரிலுள்ள சல்பேட்டை, காற்றற்ற சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. அவ்வாயு குழாயின் மேற்சுவரில் கந்தக அமிலமாகிக் கான்கிரீட்டை அரிக்கிறது. பள்ளத்தில் இறங்கும் தொழிலாளியின் உயிரைப் போக்குவதும் இதே வாயுதான். மனிதரைச் சாக்கடையில் பாதுகாப்பின்றி இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இருந்தும் மரணங்கள் நின்றபாடில்லை. விஸ்தரிப்பு என்பது பழைய குழாய்களைச் செப்பனிட்டு, மனிதன் இறங்க வேண்டாத நிலையை உண்டாக்குவதையும் உள்ளடக்கியதாக இருக்க வேண்டும்.

2011ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படி மும்பை மக்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் சேரிப்பகுதிகளில் வாழ்ந்தனர். பொதுக் கழிப்பிடங்களை நம்பி வாழும் குடும்பங்கள் மிகப் பல. தாராவியின் குறுகிய சந்துகளில் குழாய் பதிப்பது, பெரிய சுரங்கம் அகழ்வதைவிடக் கடினமானது. ஆனால் முன்னர்க் கண்ட கணக்கின்படி, சந்துகளின் ஓடைகள் இணையாத வரையில் சுரங்கத்தின் பயன் முழுமை பெறாது. நிலையம் தாராவியில் இருந்தும் தாராவியின் கழிவுநீர் அதனுள் செல்லாவிட்டால், அக்கரையில் வாழ்வோர்க்கு அதனால் விளையும் நன்மை குறைவே.

வளர்ச்சியும் மறுபயனும்

சாக்கடை வசதி பெருகினால் அதை நம்பிப் புதிய மாடிக் கட்டிடங்கள் எழுகின்றன. கட்டிடங்கள் எழுந்தால் நீர்த்தேவை பெருகுகிறது. நீர்த்தேவை பெருகினால் புதிய அணை வேண்டப்படுகிறது. பால்கர் மாவட்டத்தில் நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் தருவதாகத் திட்டமிடப்பட்ட கர்காய் அணை, காட்டு நிலத்தை மூழ்கச் செய்யும் என்பதால் பெரும் விவாதத்துக்கு உள்ளாயிற்று. இவ்வாறு தாராவியில் பதிக்கப்படும் குழாயின் விளைவு, நூறு கிலோமீட்டர் அளவுக்கு அப்பாலுள்ள காட்டிலும் சென்று முடியலாம்.

இச்சங்கிலியை அறுக்கவல்லது மறுபயன் ஒன்றே. செம்பூரிலுள்ள ராஷ்டிரிய கெமிக்கல்ஸ் உரத் தொழிற்சாலை இதற்குச் சிறந்த உதாரணம். நாளொன்றுக்கு இரண்டு கோடி லிட்டருக்கு மேற்பட்ட நகரக் கழிவுநீரைப் பெற்று, சுத்திகரித்து, தன் தொழிலுக்கு வேண்டிய நீராக அது பயன்படுத்தி வருகிறது. குடிநீரை அந்த அளவுக்கு அது மிச்சப்படுத்துகிறது, கழிக்குச் செல்லும் சுமையையும் குறைக்கிறது. சென்னையில் 2019இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா 4.5 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள் தொடங்கப் பெற்றுத் தொழிற்சாலைகளுக்கு நீர் வழங்குகின்றன. மும்பையின் 246 கோடி லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு இவ்வாறு பயன்பட்டால், அது 49 கோடி லிட்டராகும். ஓர் அணையின் நீருக்கு அது ஈடு என்பது கணக்கால் விளங்கும்.

பிற நகரங்களின் அனுபவம்

லண்டன் நகரில் 1858இல் தேம்ஸ் நதியின் துர்நாற்றம் பாராளுமன்றத்தையே கலக்கியபோது, பேசல்ஜெட் என்னும் பொறியியலாளர் பெரும் சாக்கடைகளை அமைத்துக் கழிவுநீரை நகருக்குக் கிழக்கே கொண்டு சென்றார். நகரம் நலம் பெற்றது. ஆனால் அழுக்கு கீழ்நதிக்கு இடம் மாறியது. 1878இல் கழிவுநீர் வாயிலுக்கு அருகே பிரின்ஸஸ் ஆலிஸ் என்னும் படகு மூழ்கி அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டபோது, அந்நதியின் நிலை வெளிப்பட்டது. பின்னர்ச் சேற்றைப் பிரித்துக் கப்பலில் ஏற்றிக் கடலில் கொட்டினர். 1887இல் தொடங்கிய அவ்வழக்கம் 1998இல்தான் முடிவுற்றது. ஒவ்வொரு தலைமுறையும் தன் அழுக்கை அடுத்த இடத்துக்குத் தள்ளியதே இவ்வரலாற்றின் சாரம்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் வேறு முறையைக் கையாண்டது. 2000ஆம் ஆண்டில் சுமார் 15 கிலோமீட்டர் நீளக் கடற்குழாயைத் திறக்கும்போதே, கடலின் பிராணவாயு, பாசி, அடித்தரை உயிர்கள் முதலியவற்றுக்கு எச்சரிக்கை அளவுகள் நிர்ணயிக்கப்பட்டன. அவற்றைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் முன்னரே எழுதப்பட்டது. குழாய்க்கு முன்பிருந்த நிலையைப் பல ஆண்டுகள் அளந்து வைத்திருந்ததால்தான் பின்னைய நிலையோடு ஒப்பிட முடிந்தது. மும்பைக்கும் பிற இந்திய நகரங்களுக்கும் பின்பற்றத்தக்க முறை இதுவே.

களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை

களப்பணியாளர்கள் மாதிரி நீர் எடுக்கும்போது தேதியோடு ஓதத்தின் நிலையையும், கடந்த மூன்று நாள் மழையையும் குறித்து வைத்தல் வேண்டும். ஏற்றத்தில் எடுத்த நீர் நன்றாகவும், இறக்கத்தில் எடுத்த நீர் கெட்டதாகவும் காணப்படும். ஓதம் குறிக்கப்படாத எண் ஒப்பிடுவதற்கு உதவாது. செறிவோடு நீரோட்டத்தின் அளவையும் மதிப்பிட்டால்தான் சுமை தெரியும். ஒரு நீர்நிலையில் கலக்கும் எல்லா வாயில்களையும் ஒரே வரைபடத்தில் குறிப்பது திரண்ட விளைவை அறிவதற்கு முதற்படியாகும்.

ஆசிரியர்கள் வகுப்பில் எளிய சோதனை ஒன்றைச் செய்து காட்டலாம். மூன்று கண்ணாடிப் புட்டிகளில் குழாய் நீர், குளத்து நீர், ஓடை நீர் ஆகியவற்றைக் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, ஒவ்வொன்றிலும் சில துளி மெதிலீன் நீலம் சேர்த்து, இறுக மூடி, இருளில் வைக்க வேண்டும். பிராணவாயு தீர்ந்த நீரில் நீல நிறம் மறைந்துவிடும். எந்தப் புட்டி எத்தனையாவது நாளில் வெளுக்கிறது என்பதை மாணவர் குறித்துவந்தால், கண்ணுக்குத் தெரியாத பிராணவாயுவின் செலவைக் கண்ணால் கண்டவராவர். ஓடை நீரை ஆசிரியரே கையுறை அணிந்து எடுப்பதும், பின்னர்ச் சோப்பிட்டுக் கை கழுவுவதும் அவசியம். மேற்கூறிய சுமைக் கணக்கைத் தம் ஊரின் நீர் வழங்கு அளவைக்கொண்டு மாணவர்களே போட்டுப் பார்க்கலாம். கூவமோ, வைகையோ, ஊர்க் குளமோ எதுவாயினும் கணக்கு ஒன்றே.

மும்பையின் விஸ்தரிப்பு காலத்துக்கு ஏற்ற நற்பணி. பன்னெடுங்காலமாகக் கடலின் மேல் சுமத்திய வேலையை நகரம் தானே செய்துகொள்ள முன்வந்துள்ளது. அப்பணி முழுப்பயன் அளிப்பது, நிலையங்களின் கொள்ளளவைப் பொறுத்ததன்று. கடைசி வீட்டின் கழிவுநீர் குழாயில் சேர்கிறதா, சேறு எங்கே செல்கிறது, சுத்திகரித்த நீர் மீண்டும் பயன்படுகிறதா, கழிகளில் சேரும் மொத்தச் சுமையை ஒருவரேனும் தொகுத்து எழுதி வருகின்றனரா என்ற நான்கு வினாக்களுக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தது.